கிட்டங்கித் தெருவுக்கு வந்த ஐந்து நட்சத்திரக்காரர்கள்

கிட்டங்கித் தெருவுக்குப் பிழைப்பு தேடி வந்தவர்கள் உண்டு, வாழ்க்கைப்பட்டு வந்தவர்கள் உண்டு, கடன்காரனுக்குப் பயந்து ராவோடு ராவாக வந்தவர்கள்கூட உண்டு. ஆனால் என் எதிர்வீட்டு வடிவு எழுதி வந்தவர்கள் என்று ஒரு வகை இருப்பது கோவில்பட்டியிலேயே எங்கள் தெருவில் மட்டும்தான், அதில் எங்களுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு, குழாயில் தண்ணீர் வராத நாட்களில் கொஞ்சம் எரிச்சலும் உண்டு.

முதலில் வந்தவர் ஆவுடையப்பன். ஐப்பசி மழை விட்டு வெயில் எட்டிப் பார்த்த ஒரு காலையில், தெருமுனையில் என் இட்லி மாவுக் கடை வாசலில் நான் வாளிகளைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தபோது, வெள்ளை வேட்டி, அரைக்கைச் சட்டை, கையில் ஒரு தைலப் பாட்டில் என்று ஒரு பெரியவர் வந்து நின்றார்.

"இது கிட்டங்கித் தெருதானே அம்மா?"

"ஆமா, யாரப் பாக்கணும் ஐயா?"

"யாரையும் பார்க்க வேண்டாம். நான் இங்கேதான் குடியிருக்கிறேன். எந்த வீடு என்பதுதான் தெரியவில்லை."

சொல்லிவிட்டு, என்னை ஒரு வார்த்தை கேட்காமல், கடைக்குப் பக்கவாட்டில் மொட்டைமாடிக்குப் போகும் படியில் விறுவிறுவென்று ஏறினார், இறங்கினார், மறுபடி ஏறினார், மறுபடி இறங்கினார், நாலாவது தடவை இறங்கியபோது மூச்சுகூட வாங்காமல் என்னைப் பார்த்துச் சிரித்து, "இரண்டே வாரத்தில் மாடிப்படி ஏறுகிறேன். மிகவும் திருப்தி" என்றார். எதிர்வீட்டு வாசலில் கோலப்பொடி டப்பாவோடு நின்ற வடிவின் கை அப்படியே நின்றுவிட்டது.

"செல்லத்தாய்க்கா," என்றாள் மெதுவாக, "அந்த வரி நான் எழுதுனது."

சண்முகவடிவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் புருஷன் அணைஞ்சபெருமாள் மஞ்சள்காமாலையில் போன பிறகு, அந்த வீட்டில் மிஞ்சியது அவளும் அவள் மாமியார் கோமதியும் ஒரு பழைய கம்ப்யூட்டரும்தான். தீப்பெட்டி ஆபீஸில் கணக்கு எழுதப் போனவள், ஆபீஸை மூடியதும் அந்தக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். என்ன வேலை என்று கேட்டால் "ஆன்லைன்ல எழுதுதேன்" என்பாள், அதை நாங்கள் "வீட்டில் சும்மா இருக்கிறாள்" என்று புரிந்துகொண்டோம், அதனால் குழந்தையைப் பார்த்துக்கொள்ள, கேஸ் சிலிண்டர் வாங்கி வைக்க, கரண்ட் பில் கட்ட, யாருக்கு எந்த வேலை என்றாலும் அவள் கதவைத்தான் தட்டினோம். அவளும் பாதி வாக்கியத்தை விட்டுவிட்டு எழுந்து வந்து சிலிண்டரை வாங்கி வைப்பாள்.

அவள் எழுதியது ரிவ்யூ. சாமான் விற்கிற ஒரு வெப்சைட்டுக்கு, அந்தச் சாமானை வாங்கியவர்கள் எழுதுவதுபோல் இவள் எழுத வேண்டும், ஒவ்வொன்றுக்கும் ஐந்து நட்சத்திரம் போட வேண்டும். வேலை கொடுக்கிற தனசேகர் என்கிறவனை அவள் நேரில் பார்த்ததில்லை, போனில் குரல் மட்டும்தான். "மேடம், சும்மா நல்லாருக்கு நல்லாருக்குன்னு எழுதுனா யாரும் நம்ப மாட்டாங்க, ஒரு பேரு வேணும், ஊரு வேணும், குடும்பத்துல ஒரு விஷயம் வேணும்" என்று அவன்தான் சொல்லிக்கொடுத்தான். சென்னை, கோயம்புத்தூர், சேலம் என்று ஊருக்கு ஒருத்தராகப் போடச் சொன்னான். இவளோ திருநெல்வேலியைத் தாண்டாதவள். கோயம்புத்தூர் என்று எழுதி, அந்த ஊர்க்காரர் யாராவது படித்து, எந்தத் தெரு என்று கேட்டுவிட்டால் பொய் சந்திக்கு வந்துவிடுமே என்று பயந்து, தனக்குத் தெரிந்த ஒரே விலாசத்தையே எல்லோருக்கும் போட்டாள். முட்டுவலித் தைலம் வாங்கியவருக்கும் கிட்டங்கித் தெரு, மெத்தை வாங்கியவருக்கும் கிட்டங்கித் தெரு, குக்கர் வாங்கியவளுக்கும் கிட்டங்கித் தெரு. எழுதப்பட்டவர்கள் வேறு எங்கே போவார்கள், விலாசம் தேடி வந்துவிட்டார்கள்.

ஆவுடையப்பனைப் பற்றித் தெருவில் பெரிதாக யாரும் வாயைப் பிளக்கவில்லை. அவரை எங்கே தங்க வைப்பது என்பதில்தான் பேச்சு நீண்டது. லைன் வீட்டுக் கடைசி அறை காலியாக இருந்தது, ஆனால் அதற்கு மாடி இல்லை, அவருக்கோ மாடிப்படி இல்லாமல் முடியாது. கடைசியில் தங்குவது அங்கே, படி ஏறுவது எல்லார் வீட்டிலும் என்று முடிவாயிற்று. அதன்பின் எங்கள் தெருவில் தண்ணீர்த்தொட்டி வழிந்து யாரும் பார்த்ததில்லை, மழைக்கு வற்றல் நனைந்ததில்லை, டிவிக் குடை ஒருபக்கமாகச் சாய்ந்ததில்லை. எந்த மொட்டைமாடியை நிமிர்ந்து பார்த்தாலும் அங்கே ஒரு வெள்ளை வேட்டி தெரியும். அவருக்குப் பெண்டாட்டி பிள்ளை உண்டா, எந்த வேலையிலிருந்து ரிட்டயரானார் என்று கேட்டால் விழிப்பார், ஏனென்றால் வடிவு அதையெல்லாம் எழுதவில்லை. நாங்களாகவே அவர் தபால் ஆபீஸில் இருந்தவர் என்று வைத்துக்கொண்டோம், அவரும் இரண்டொரு நாளில் தபால் ஆபீஸைப் பற்றிப் பேச ஆரம்பித்தார், கேட்க நன்றாகவே இருந்தது.

பிறகு மெத்தைக்காரர் வந்தார், "படுத்ததும் தூங்கிவிடுகிறேன்" என்று எழுதப்பட்டவர், அவரை எங்கேயும் படுக்க விடக்கூடாது என்பதைத் தெரு இரண்டே நாளில் கற்றுக்கொண்டது. கூந்தல் தைலத்துக்காரி ஒருத்தி, முழங்கால் வரை முடியோடு, ஒரு சாயங்காலம் பஸ் ஸ்டாண்ட் பக்கமிருந்து நடந்து வந்து தெருமுனையில் நின்றாள்; மறுநாள் விடிந்ததும் கூப்பிட்டுக்கொள்ளலாம் என்று எல்லோரும் இருந்துவிட்டோம், அன்றைக்கே அந்தத் தைலத்தை வெப்சைட்டிலிருந்து எடுத்து ரிவ்யூவையும் அழித்துவிட்டார்கள், காலையில் போய்ப் பார்த்தால் அவள் நின்ற இடத்தில் யாரும் இல்லை. ஒரு வீட்டிலும் கால் வைக்காமல், ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல் போய்விட்டாள். அழித்தால் ஆள் போய்விடுவார் என்பது அப்படித்தான் எங்களுக்குத் தெரிந்தது, அதன்பிறகு யார் வந்தாலும் முதலில் உள்ளே கூப்பிட்டுச் சோறு போட்டுவிட்டுத்தான் பெயரையே கேட்டோம்.

மரகதம் வந்தது தை பிறந்த பிறகு. இடுப்பில் ஒரு குக்கரை இடுக்கிக்கொண்டு, வீடு வீடாக எட்டிப் பார்த்து, "என் மாமியார் இருக்கிறாரா?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். "இந்தக் குக்கரில் சாம்பார் வைத்தேன், என் மாமியாரே பாராட்டினார்" என்பது அவளுக்காக எழுதப்பட்ட வரி. மாமியாரைப் பாராட்ட வைத்த வடிவு, அந்த மாமியாருக்கு ஒரு பெயர் வைக்க மறந்திருந்தாள். புருஷன் இல்லாததைப் பற்றி மரகதம் கவலைப்படவில்லை, அவள் கேட்டதெல்லாம் பாராட்டிய அந்த மாமியாரைத்தான்.

தெருவில் மாமியார்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் மருமகளை எழுதியவள் எந்த வீட்டுக்காரியோ அந்த வீட்டு மாமியார்தான் பொறுப்பு என்று நாங்கள் ஒருமனதாகச் சொல்லிவிட்டோம், கோமதியைத் தவிர.

"நான் எவளட்டி என்னைக்குப் பாராட்டுனேன்?" என்று வாசலிலேயே கத்தினாள் கோமதி. அது முழுக்க உண்மை. கோமதி வாயிலிருந்து நல்ல வார்த்தை வந்து நாங்கள் கேட்டதில்லை. கோயில் பொங்கலையே குழைஞ்சிருக்கு என்று சொன்னவள் அவள். மரகதம் உள்ளே போய், அடுப்பைப் பற்றவைத்து, குக்கரில் சாம்பார் வைத்து, ஒரு கிண்ணத்தில் ஊற்றிக் கொண்டுவந்து கோமதியின் முன்னால் வைத்துவிட்டு, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். பிறந்ததிலிருந்து அந்த ஒரு சொல்லுக்காகவே இருக்கிறவளின் முகம் அது. கோமதி ஒரு வாய் வைத்தாள், எங்களைப் பார்த்தாள், கூரையைப் பார்த்தாள், கடைசியில் பல்லைப் பிடுங்கியதுபோல், "நல்லாத்தான் இருக்கு" என்றாள். மரகதத்துக்கு வந்த சிரிப்பைப் பார்க்க வேண்டுமே, அந்தச் சிரிப்புக்காகவே கோமதி மறுநாளும் சொன்னாள், அதற்கடுத்த நாளும் சொன்னாள், பிறகு சொல்லாவிட்டால் அவளுக்கே சோறு இறங்கவில்லை.

உள்ளே கம்ப்யூட்டர் முன்னால் இருந்த வடிவுக்கு இதெல்லாம் கேட்கும். ஒருநாள் மாவு வாங்க வந்தவள், பையை நீட்டிக்கொண்டே, "வாக்கப்பட்டு வந்த நாள்லருந்து நானும்தான்க்கா சாம்பார் வைக்கேன்" என்றாள். நான் ஒரு கரண்டி மாவைக் கூடப் போட்டேன்.

பங்குனியில் அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு முளைப்பாரி போடும்போது ஒரு சண்டை வந்தது. எழுதி வந்தவர்கள் முளைப்பாரி போடலாமா, அவர்கள் கைபட்ட விதை முளைக்குமா, முளைக்காவிட்டால் தெருவுக்கு ஆகாதே என்று பெண்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து பேசினோம். மரகதம் யார் பேச்சையும் காதில் வாங்காமல் ஓட்டில் எருவைப் பரப்பி, பயறைத் தூவி, தண்ணீர் தெளித்து இருட்டறையில் வைத்தாள். எடுக்கிற அன்றைக்குப் பார்த்தால் அவளுடையதுதான் எல்லாவற்றிலும் உயரமாக, வெளுத்து, தலையைத் தலையை ஆட்டிக்கொண்டு நின்றது. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. அவளும் எங்களோடு கும்மி கொட்டி, தலையில் சுமந்து போய், கிணற்றில் கரைத்துவிட்டு வந்தாள்.

ஒரே ஒரு குறை. அவர்களுக்குக் குறை சொல்லத் தெரியாது. ஐந்து நட்சத்திரத்துக்குக் கீழே அவர்களுக்கு வாய் வராது. ஒருநாள் கோடைச் சூட்டில் மாவு பொங்கிப் புளித்துப்போய், தெருவே என்னைக் காய்ச்சி எடுத்தபோது, மரகதம் மட்டும் "அருமையான புளிப்பு, மீண்டும் வாங்குவேன்" என்றாள். முதலில் எனக்குக் குளிர்ந்துதான் போனது. ஆனால் உப்புப் போதுமா என்று கேட்டால் அருமை, அரைபட்டது போதுமா என்று கேட்டால் அருமை, மாவே இல்லை தீர்ந்துபோச்சு என்றாலும் அருமை என்றால், ஒரு கடைக்காரி எத்தனை நாள்தான் தாங்குவாள்? ஆவுடையப்பன் பசித்தால்கூடச் சொல்ல மாட்டார், நாங்களாகப் பார்த்துத்தான் சாப்பிடக் கூப்பிட வேண்டியிருந்தது. தலைவலி வந்தாலும் மரகதம் நெற்றியைப் பிடித்துக்கொண்டு மிகவும் திருப்தி என்பாள்.

சித்திரையில் தனசேகர் போன் பண்ணினான். நான் அப்போது வடிவு வீட்டில்தான் இருந்தேன், கோமதிக்கு இட்லி கொண்டுபோயிருந்தேன். வடிவு போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு டைப் அடித்துக்கொண்டிருந்தாள்.

"மேடம், இந்தத் தடவை வேற மாதிரி வேலை. நம்ம குக்கருக்குப் போட்டியா ஒருத்தன் வந்திருக்கான். அவன் குக்கருக்கு ஒத்தை நட்சத்திரம் போடணும். சிம்பிள். குக்கர் வெடிச்சுது, பக்கத்துல குழந்தை நின்னுச்சு, முகம் வெந்துருச்சு. ஒரு முப்பது எழுதுங்க. ஒரே மாதிரி இருக்கக் கூடாது, ஒவ்வொண்ணுக்கும் வேற வேற குழந்தை."

"நெசமாவே அந்தக் குக்கர் வெடிச்சுதா சார்?"

"அதெல்லாம் நமக்கு எதுக்கு மேடம்? காசு ரெண்டு மடங்கு."

வடிவு போனை வைத்தாள். வீட்டு வாடகை பாக்கி விழுந்திருந்தது, கோமதிக்குச் சுகர் மாத்திரை தீர்ந்திருந்தது, இதெல்லாம் எனக்கும் தெரியும். பிறகு கீபோர்டை இழுத்து, "என் மகள் யாழினிக்கு நாலு வயது" என்று அடித்தாள். அடித்த கையோடு நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து வாசலுக்கு ஓடி, தெருமுனையை எட்டிப் பார்த்தாள். நானும் பின்னாலேயே ஓடினேன். தெருமுனையில் யாரும் இல்லை, ஒரு ஆடு மட்டும் நின்றது. வடிவு திரும்பி வந்து அந்த வரியை ஒவ்வொரு எழுத்தாக அழித்தாள்.

அவளே போன் போட்டு, "இது என்னால முடியாது சார்" என்றாள்.

தனசேகர் கோபப்படவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "பரவால்ல மேடம். அப்போ உங்க அக்கவுண்ட்ட மூடிருவோம். நீங்க எழுதுனது மொத்தமும் போயிரும், வேற ஆளை வெச்சுப் புதுசா எழுதிக்கிறோம். நாளைக்கு மத்தியானம் வரைக்கும் யோசிங்க."

செய்தி தெருவுக்குப் போக எவ்வளவு நேரம் ஆகும்? சாயங்காலம் வடிவு வீட்டு முற்றத்தில் நிற்க இடமில்லை. வெடிச்சுது, ஆனா பிள்ளைக்கு ஒண்ணும் ஆகலைன்னு எழுதேன் என்றார் ஒருவர். வெந்துச்சு, ஆஸ்பத்திரிக்குப் போய் ஆறிப்போச்சுன்னு எழுது என்றாள் இன்னொருத்தி. வேறு தெரு விலாசத்தைப் போட்டு எழுதினால் அந்தப் பிள்ளைகள் அங்கே போய்விடும் அல்லவா என்று ஒரு குரல் வந்தது. சொன்னவர் யார் என்று நாங்கள் திரும்பிப் பார்த்ததும் அவர் தலையைக் குனிந்துகொண்டார். யாருக்கும் வழி தெரியவில்லை. எழுதினால் முகம் வெந்த முப்பது பிள்ளைகள் அழுதுகொண்டு தெருமுனையில் வந்து நிற்கும். எழுதாவிட்டால் மாடியிலிருக்கும் வெள்ளை வேட்டியும், மூலையில் தூங்கும் மெத்தைக்காரரும், மரகதமும் நாளை மத்தியானத்தோடு சரி.

மரகதத்திடமே கேட்டோம். "நல்ல யோசனை, அனைவருக்கும் பரிந்துரைக்கிறேன்" என்றாள் சிரித்த முகமாக. எந்த யோசனையைச் சொல்கிறாள் என்று கேட்க எங்களில் யாருக்கும் தெம்பில்லை.

வடிவு மாமியார் பக்கம் திரும்பினாள். "அத்தை, நீங்க சொல்லுங்க. எழுதலன்னா இவ போயிருவா."

கோமதி மரகதத்தின் கையைத் தன் மடியில் இழுத்து வைத்துக்கொண்டிருந்தாள். அவள் கண்ணில் தண்ணீர் நின்றது, குரல் மட்டும் எப்போதும்போல் அரமாக ராவியது. "எழுதாதட்டி. வெந்த பிள்ளையள வாசல்ல நிறுத்திட்டு எவளுக்குச் சோறு எறங்கும்?"

வடிவு எழுதவில்லை. அதோடு அந்த வேலை போயிற்று. பின்னாளில் அவளுக்கு வேறொரு இடத்தில் எழுத்துவேலை கிடைத்தது, வாஷிங் மிஷினை எப்படி ஓட்டுவது, மிக்ஸியை எப்படிக் கழுவுவது என்று குறிப்பு எழுதுகிற வேலை, அதில் மனிதர்களே வருவதில்லை என்பதால் எங்களுக்கும் நிம்மதி. ஆனால் அது கிடைக்கிறவரை அந்த வீட்டில் உலை கொதித்தது தெருவின் அரிசியில்தான். அன்றைக்கு அதெல்லாம் அவளுக்குத் தெரியாது. விடிந்ததும் எழுந்து, குளித்து, போகிறவர்களை வெறும் வயிற்றோடு அனுப்பக் கூடாது என்று சமைக்க உட்கார்ந்தாள்.

அந்த மத்தியானம் தெருவில் ஒரு கடை திறக்கவில்லை. முற்றத்தில் பாய் விரித்து, எழுதி வந்தவர்களை வரிசையாக உட்கார வைத்து இலை போட்டோம். ஆளாளுக்கு அவர்களை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தோம், பிடித்துக்கொண்டால் போகமாட்டார்கள் என்று யாரும் சொல்லவில்லை, ஆனாலும் பிடித்துக்கொண்டோம். நான் மெத்தைக்காரரின் சட்டை நுனியைப் பிடித்திருந்தேன். ஆவுடையப்பன் மட்டும் கடைசியாக ஒரு தடவை என்று கெஞ்சி மாடிக்குப் போயிருந்தார். வடிவு குழம்பை ஊற்றிவிட்டு உள்ளே போய், கம்ப்யூட்டரைப் பார்த்து, அழிகிற ரிவ்யூக்களை ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

"மெத்தை போயிட்டு."

என் கையில் சட்டை நுனி இருந்தது. சட்டைக்குள் ஆளும் இருந்தார். அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு, இரண்டு நாளாக ஒரு பொட்டுத் தூக்கம் இல்லாதவர்போல் எங்களைப் பார்த்தார்.

"தைலம் போயிட்டு."

மாடிப்படியில் ஏதோ சத்தம் கேட்டது. எல்லோரும் ஓடினோம். ஆவுடையப்பன் பாதிப்படியில் உட்கார்ந்து இரண்டு முழங்காலையும் பிடித்துக்கொண்டு, "அம்மாடியோ, என்னா வலி வலிக்கு! இத்தன படியா ஏறுனேன் நானு? ஒருத்தராவது வேண்டாம்னு சொன்னீங்களா?" என்று எங்களைத் திட்டினார். அவர் திட்டியதைக் கேட்டு நான் அழுதேன், என் பக்கத்தில் நின்றவளும் அழுதாள்.

"குக்கர்..." என்ற வடிவு, வாசல்படிக்கு வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மரகதம் இலைமுன் உட்கார்ந்திருந்தாள். கோமதி அவள் முந்தானையைத் தன் கையில் சுற்றிக்கொண்டிருந்தாள். மரகதம் குழம்புச் சோற்றைப் பிசைந்து ஒரு கவளம் வாயில் வைத்தாள், மென்றாள், பாதியில் நிறுத்தினாள். அவள் முகம் நாங்கள் பார்க்காத ஒரு மாதிரி சுருங்கியது.

"அக்கா, தப்பா நெனைக்காதிய," என்றாள் வடிவைப் பார்த்து. "கொழம்புல உப்புக் கூடிப்போச்சு. வாயில வைக்க முடியல."

 கோமதி முந்தானையை உதறிவிட்டு எழுந்தாள்.

"யாரப் பாத்துட்டி சொல்லுத?" என்று அவள் போட்ட சத்தத்தில் கூரையில் இருந்த காக்கை பறந்தது. "என் மருமக வச்ச கொழம்பயா? அவ கைப்பக்குவம் இந்தத் தெருவுல எவளுக்கு வரும்? எம் மவன் போன நாள்லருந்து ஒத்தக் கையால எனக்குச் சோறு போடுதா, ஒருநாள் மொகம் சுளிச்சிருப்பாளா? அவளப்போல ஒருத்தியக் கொண்டா பாப்போம் இந்தக் கோவில்பட்டியில! நேத்து வந்த கழுத நீ, அவ கொழம்பக் கொற சொல்லுதியோ?"

"உப்ப உப்புன்னுதான சொல்ல முடியும்!" என்று மரகதமும் எழுந்து இடுப்பில் கைவைத்தாள்.

அதன்பிறகு அங்கே நடந்த சண்டையில் யார் என்ன சொன்னார்கள் என்பது யாருக்கும் சரியாக ஞாபகம் இல்லை. ஆவுடையப்பன் படியிலிருந்தே நடுவரானார், மெத்தைக்காரர் பாய் குத்துகிறது என்றார், எல்லோரும் சிரித்துக்கொண்டும் அழுதுகொண்டும் ஒரே நேரத்தில் பேசினோம். எழுதின வரிகள்தான் போயிருந்தன, எங்கள் சோற்றைத் தின்றவர்கள் போகவில்லை.  வடிவு நிலையிலிருந்து கையை எடுத்து, கண்ணைத் துடைத்து, தனக்கும் ஒரு இலையை விரித்து உட்கார்ந்து சோற்றைப் போட்டுக்கொண்டாள். நானும் ஒரு வாய் ருசி பார்த்தேன். குழம்பு உப்புக் கரித்தது, நாக்கில் வைக்க முடியவில்லை. வடிவு அதையே இன்னும் இரண்டு கரண்டி ஊற்றிக்கொண்டு, மாமியார் போடும் சத்தத்தைக் கேட்டபடி, நிதானமாகச் சாப்பிட்டாள்.